கோட்டுக்குள்ளே சிங்கம்

மயூரா நகத்தால் போஸ்டரைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். செத்தவீட்டு மண்டபத்தின் கண்ணாடிக் கதவில் நாலு மூலைக்கும் டேப் போட்டு, போதாதென்று நடுவிலும் ஒன்று போட்டு ஒட்டியிருந்தார்கள். கறுப்புக் கரை, இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, மேலே ‘கண்ணீர் அஞ்சலி’, நடுவில் அப்பா. நீலக் கோட்டும் சிவப்பு டையும் போட்ட அப்பா.

வாமதேவன் தன் சீவியத்தில் கோட் போட்டதே கிடையாது. கல்யாணத்துக்கு வேட்டி, வேலைக்குப் பழைய ஜம்பர், மற்ற நேரமெல்லாம் ட்ராக்சூட். மகளின் பட்டமளிப்புக்குக்கூட ட்ராக்சூட்டில் வந்து அவள் மானத்தை வாங்கிய மனிதர். அவருடைய தலையை வெட்டி எடுத்து, முன்பின் தெரியாத எவனோ ஒருவனின் உடம்பில் ஒட்டிவிட்டிருந்தான் ரெய்னர்ஸ் லேன் பிரிண்டிங் கடைக்காரன். நம்முடைய சனத்துக்கு இது ஒரு வியாதி. கோட் இல்லாமல் போனால் சொர்க்கத்து வாசலில் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று நினைப்பு.

“பிள்ளை, என்ன செய்யிறாய்?”

பின்னால் குலசேகரம் நின்றார். லண்டன் வளர்பிறை விளையாட்டுக் கழகத்தின் தலைவர். அப்பாவோடு எத்தனையோ வருசமாக ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் குளிரில் நின்றவர். மண்டபம் எடுத்தது, ஐயரைப் பிடித்தது, போஸ்டர் அடித்தது எல்லாம் அவர்தான்.

“உந்தக் கோட்டைக் கழட்டுறன், மாமா.”

“பேசாமல் விடு. வடிவாத்தானே இருக்கு.”

“இதுக்குள்ள என்ன சட்டை இருந்ததெண்டு உங்களுக்குத் தெரியும்தானே?”

குலசேகரம் கார் பார்க் பக்கம் திரும்பிப் பார்த்தார். “சனம் வருது. மெதுவாக் கதை.”

அந்தப் படம் எண்பத்திரண்டில் கொழும்பில் எடுத்தது. உண்மையான படத்தில் அப்பாவின் நெஞ்சில் ஒரு சிங்கம் வாளோடு நிற்கும். சிறீலங்கா தேசிய உதைபந்தாட்ட அணிக்கு வலது பக்கம் ஓடிய யாழ்ப்பாணத்துப் பெடியன். அடுத்த வருசம் ஆடிக் கலவரத்தில், அணியின் கோல் கீப்பர், ஒரு சிங்களவன், அப்பாவைத் தன் வீட்டுக் கூரைக்குள் ஒளித்துவைத்துக் காப்பாற்றி, யாழ்ப்பாணத்துக்குப் போன அகதிக் கப்பலில் ஏற்றி அனுப்பினான். அப்பா பிறகு அந்தச் சட்டையைத் தொடவில்லை. லண்டனுக்கு வந்து கனகாலம் கழித்து, நாடில்லாத இனங்களெல்லாம் சேர்ந்து நடத்திய கிண்ணத்துக்குத் தமிழீழ அணி ஒன்று கட்டினபோது, பயிற்சியாளர் அவர்தான். பத்தாம் நம்பர் போட்டு விளையாடியவன் அவருடைய மகன், மயூராவின் தம்பி மிதுலன். அவன் முதல் கோல் அடித்த அன்று அப்பா எல்லோரும் பார்க்க அழுதார்.

போன வருசம் அதே மிதுலனைச் சிறீலங்கா கூப்பிட்டது. போனான். நெஞ்சில் சிங்கத்தோடு அவன் நிற்கிற படம் எல்லாருடைய போனுக்கும் வந்தது. லண்டனில் கோலியர்ஸ் வுட்டில் இருந்து வால்தம்ஸ்டோ வரைக்கும் அவனுக்கு ஒரே பெயர்தான், துரோகி.

வீட்டில் நடந்த சண்டையை மயூரா மறக்கவில்லை.

“நீங்களும் போட்டனீங்கள்தானே, அப்பா?”

“நான் தெரியாமல் போட்டன். நீ எல்லாம் தெரிஞ்சுகொண்டு போடுறாய்.”

“விளையாடத்தானே என்னைப் பழக்கினீங்கள்? அந்தக் கப்பில ரெண்டு மட்ச் விளையாடிப்போட்டு, மிச்ச வருசமெல்லாம் சும்மா இருக்கச் சொல்லுறீங்களே?”

அப்போதுதான் அப்பா அதைச் சொன்னார். “என்ர பிணத்திலயும் நீ கை வைக்கக்கூடாது.”

கெட்ட காலத்துக்கு, சோபாவில் தேத்தண்ணிக் கோப்பையோடு குலசேகரம் இருந்தார்.

கோபத்தில் அப்பாமார் என்னென்னவோ சொல்லுவார்கள். அடுத்த கிழமை மறந்துவிடுவார்கள். இந்த மனிதர் மறப்பதற்கு முதல் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு செத்துப்போனார். அதைத்தான் மயூராவால் பொறுக்க முடியவில்லை. மகனுக்கு ஒரு போன் எடுத்து, சாப்பிட்டியா என்று கேட்டிருந்தால் போதும். அதைக்கூடச் செய்யாமல் போய்விட்டார்.

“கொள்ளி சயந்தன் வைப்பான்,” என்றார் கதவடியில் நின்ற குலசேகரம். “உன்ர பெரியப்பான்ர மகன். உரித்துள்ளவன்தானே.”

“அப்பாவுக்கு மகன் இருக்கிறான்.”

“அவர் என்ர காது கேக்கச் சொன்னவர், பிள்ளை. செத்த மனிசன்ர சொல்லைத் தட்டுறது பாவம்.”

“உயிரோட இருக்கேக்கை அவர் சொன்ன எதைக் கேட்டனீங்கள்? பயிற்சிக்கு நேரத்துக்கு வாங்கோ எண்டு கத்திக் கத்தியே அவருக்குத் தொண்டை போனது. ஒரு நாள் வந்தனீங்களே?”

மயூரா போஸ்டரைக் கசக்கிக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு உள்ளே போனாள்.

அம்மா, நாகேஸ்வரி, பெட்டியின் தலைமாட்டில் இருந்தார். மயூரா குனிந்து காதுக்குள் கேட்டாள்.

“அம்மா, நீங்கள் சொல்லுங்கோ. தம்பி வைக்கட்டும் எண்டு ஒரு வார்த்தை சொன்னால் முடிஞ்சுது.”

“எனக்கு ஒண்டும் தெரியாது, பிள்ளை.”

“போன கிழமை அவன் வீட்டு வாசலுக்கு வரேக்கை, இப்ப வராதை, ஆக்கள் இருக்கினம் எண்டு சொல்ல மட்டும் தெரிஞ்சுதே?”

அம்மா அப்பாவின் சால்வையின் மடிப்பைச் சரிசெய்தார். அது ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது.

மிதுலன் கார் பார்க்கில், குப்பைப் பெட்டிகளுக்குப் பக்கத்தில் நின்றான். கறுப்புச் சேட், கறுப்புக் கால்சட்டை. தகப்பன் செத்த அடுத்த நாளே கொழும்பில் இருந்து பறந்து வந்தவன், வால்தம்ஸ்டோவில் ஒரு சிநேகிதனின் சோபாவில் படுத்துக் கிடந்தான். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

“இங்க என்ன காவல் காக்கிறியா? உள்ள வா.”

“முகத்தைப் பாத்திட்டுப் போயிடுறன், அக்கா. ஐ டோண்ட் வாண்ட் ட்ரபிள்.”

“ட்ரபிள் வேண்டாதவன் அந்தச் சட்டையைப் போட்டிருக்கக்கூடாது. போட்டாய். இப்ப வந்து நில். வாயில கொழுக்கட்டையா உனக்கு? ஏதாவது சொல்லன்.”

அவன் அவளோடு நடந்தான். மண்டபத்துக்குள் அவர்கள் வந்ததும் பேச்சு நின்றது. நாலாம் வரிசையில் ஒருவர் கதிரையோடு முதுகைத் திருப்பிக்கொண்டார். கதிரைக் கால் தரையில் இழுபட்ட சத்தம் மண்டபம் முழுக்கக் கேட்டது. மிதுலன் பெட்டிக்குக் கிட்டப் போகவில்லை. கடைசிச் சுவரோடு ஒட்டி நின்றான்.

ஐயர் வரவில்லை. ஏதோ விபத்தாம், ரோட்டில் மாட்டுப்பட்டுவிட்டார். அடுத்த செத்தவீட்டுக்காரர் வேறு வெளியே வந்து நிற்கத் தொடங்கிவிட்டார்கள். நேரத்தை ஓட்ட வேண்டுமே என்று குலசேகரம் மைக்கை எடுத்தார்.

“அமரர் வாமதேவன் அவர்கள் யாழ் மாவட்ட அணியின் நட்சத்திர வீரர்,” என்றார். தண்ணிப் போத்தலை எடுத்து ஒரு வாய் குடித்தார். “பின்னர் புலம்பெயர்ந்த மண்ணில், தமிழீழ அணியின் பயிற்சியாளர்.”

அந்த ஒரு வாய்த் தண்ணீரோடு ஒரு நாட்டையே விழுங்கிவிட்டார் மனிதர்.

மயூராவுக்கு விசர் ஏறியது. எழும்பிப் போய் மைக்கைப் பிடுங்கினாள். பிடுங்கியதுதான், வாங்கவில்லை.

“எங்கட அப்பா சிறீலங்காவுக்கு விளையாடினவர்,” என்றாள். “அந்தப் படத்தில இருக்கிற கோட் பொய். அதுக்குள்ள சிங்கச் சட்டை இருக்கு. உங்களில பாதிப் பேருக்கு இது தெரியும். குலசேகரம் மாமா கொழும்பு சுகததாச ஸ்டேடியத்தில நிண்டு, வாமன், வாமன் எண்டு கத்தி மூண்டு நாள் குரல் இல்லாமல் திரிஞ்சவர். அப்பா சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.”

அவள் சுவரோடு நின்ற தம்பியைக் கை காட்டினாள்.

“அவர் ரெண்டு நாட்டுக்கு நிண்டவர். தம்பியும் ரெண்டு நாட்டுக்கு நிண்டவன். அவர் முதல் போட்டதை இவன் பிறகு போட்டிருக்கிறான், அவ்வளவுதான். இது துரோகமெண்டால் பெட்டிக்குள்ள கிடக்கிறவரும் துரோகிதான். அவரையும் தூக்கி வெளியில வைச்சிட்டுப் போங்கோ. இல்லையெண்டால் மகனைக் கொள்ளி வைக்க விடுங்கோ.”

பின்னால் இருந்து ஒரு வயதானவர், தனக்குள் சொல்வது போல, “நானும் அண்டைக்கு அங்க நிண்டனான். நல்ல கோல் ஒண்டு அடிச்சவன்,” என்றார். சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். முதுகைத் திருப்பியவர் திருப்பியபடியே இருந்தார்.

குலசேகரம் அவளிடமிருந்து மைக்கை வாங்கி, அணைத்து, மேசையில் வைத்தார். அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரிப் பேசினார்.

“கலவரத்துக்குப் பிறகு காங்கேசன்துறையில கப்பலால உன்ர அப்பாவை இறக்கிக் கூட்டிக்கொண்டு வந்தது நான்தான், பிள்ளை. காலில செருப்பில்லை. வீடு போய்ச் சேருமட்டும் ஒரு கதை இல்லை. அதுக்குப் பிறகு அந்தச் சட்டையைப் பற்றி நான் ஆரோடையும் கதைச்சதில்லை. மறைக்க வேணுமெண்டு இல்லை. எனக்கு வாய் வராது.”

மயூரா திரும்பிப் பெட்டியைப் பார்த்தாள்.

“சரி,” என்றார் அவர். “மகனே வைக்கட்டும். பேசுற சனத்துக்கு நான் பதில் சொல்லுறன்.”

வென்றுவிட்டாள். அவளுக்கே நம்ப முடியவில்லை. அந்த நேரம் பார்த்து ஐயரும் மூச்சு வாங்க வந்து, சட்டென்று சால்வையை இடுப்பில் இறுக்கிக்கொண்டு, “கொள்ளி வைக்கிறது ஆர்? கெதியா வாங்கோ,” என்றார். எல்லோரும் கடைசிச் சுவரைத் திரும்பிப் பார்த்தார்கள். அம்மாவும் பார்த்தார்.

மிதுலன் நின்ற இடத்திலேயே நின்றான்.

மயூரா அவனிடம் போனாள். “ஓம் எண்டிட்டினம். வா.”

“ஏலாது, அக்கா.”

“என்ன ஏலாது?”

“அப்பா வேண்டாமெண்டவர்.”

“அவர் கோவத்தில சொன்னவர், விசரா.”

“தெரியும். கோவம் போச்சுது எண்டு எனக்குச் சொல்லேல்லைத்தானே.” அவன் சேட்டுக் கையால் முகத்தைத் துடைத்தான். “அவர் சொல்லைக் கேக்காமல் ஒருக்காப் போட்டன். அதில எனக்கு வெக்கமில்லை. திரும்பக் கூப்பிட்டாலும் போவன். ஆனால் அவற்ற சொல்லை ரெண்டாந்தரமும் மீற என்னால ஏலாது. அவர் எழும்பி எனக்குப் பேசவும் மாட்டார்.”

அவனை அறைய வேண்டும் போலவும், கட்டிப்பிடித்துக் கத்தி அழ வேண்டும் போலவும் இருந்தது மயூராவுக்கு. தகப்பனும் மகனும் ஒரே அச்சு. ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு சாவார்கள். ஒருவர் செத்தும் விட்டார். இவ்வளவு பேருக்கு முன்னால் அவள் சண்டை பிடித்து வாங்கிய ஒன்றை, வாங்கிக்கொள்ள ஆளில்லை.

ஐயர் காத்திருக்கவில்லை. சயந்தனை இழுத்து இருத்தி, தர்ப்பையை மாட்டி, சுண்ணம் இடித்து, பந்தம் கொளுத்தி, அரைவாசி மந்திரத்தை விழுங்கிக் கிரியையை முடித்தார். சயந்தன் நல்ல பிள்ளை, பாங்கில் வேலை. யாரையும் பார்க்காமல் சொன்னதைச் செய்தான். வாய்க்கரிசி போடும்போது வரிசையில் கடைசியாக மிதுலன் வந்தான். கையில் அரிசியை அள்ளினான். தகப்பனின் முகத்தைப் பார்த்துக்கொண்டு கனநேரம் நின்றான். பிறகு கையைத் தொடாமல், முகத்தைத் தொடாமல், உயரத்தில் இருந்தே விட்டான். கொஞ்சம் நெஞ்சில் விழுந்தது, கொஞ்சம் நிலத்தில். அம்மா அப்போதுதான் வாய்விட்டு அழுதார்.

மயானத்தில் திரைக்குப் பின்னால் உள்ள அறைக்குள் குடும்பத்தில் நாலைந்து பேரை மட்டும்தான் விடுவார்களாம். அங்கே வேலை செய்கிற வெள்ளைக்காரர், கறுப்பு டை கட்டிய வயதான மனிதர், இரும்புக் கதவையும் பக்கத்துச் சுவரில் இருந்த பச்சை பட்டனையும் காட்டி, குடும்பத்தார் ஆயத்தமானால் அமத்தலாம் என்று பணிவாகச் சொன்னார். லண்டனில் அதுதான் கொள்ளி. அம்மா, குலசேகரம், சயந்தன், மயூரா. மிதுலன் வாசற்படிக்கு அந்தப் பக்கம் நின்றான். உள்ளே வரவில்லை, போகவும் இல்லை.

குலசேகரம் சயந்தனின் தோளைத் தொட்டார். சயந்தன் கையை நீட்டினான்.

“எடு கையை,” என்றாள் மயூரா.

“அக்கா?”

“உன்னில எனக்குக் கோவமில்லை. கையை எடு. எங்கட வீட்டு ஆள் வைக்கட்டும்.”

“பொம்பிளைப் பிள்ளை கொள்ளி…” என்று குலசேகரம் தொடங்கினார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு முடிக்காமல் விட்டார். அம்மா சயந்தனின் கையைப் பிடித்து மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

மயூரா வாசலைத் திரும்பிப் பார்த்தாள். மிதுலன் அவளைப் பார்த்தான். அவள் பொறுத்தாள். ஒரு காலை எடுத்து உள்ளே வைத்தால் போதும், அவள் விலகிவிடுவாள். வெள்ளைக்காரர் தொண்டையைச் செருமினார்.

அவள் பட்டனை அமத்தினாள். இரும்புக் கதவு மேலே போனது, பெட்டி நகர்ந்து உள்ளே போனது, கதவு இறங்கியது. பட்டனின் பச்சை வெளிச்சம் நின்றுபோனது.

“ஒருக்கால் அமத்தினால் போதும்,” என்றார் வெள்ளைக்காரர் ஆங்கிலத்தில். கொஞ்சம் பொறுத்து, இன்னும் மெதுவாக, அதையே திரும்பச் சொன்னார்.

அவள் விரலை எடுக்கவில்லை. நகம் வெளுக்கும்வரை அமத்திக்கொண்டே நின்றாள். அந்த மனிதர் மூன்றாந்தரம் சொல்லவில்லை. கைகளை முன்னால் கட்டிக்கொண்டு, சுவர்ப் பக்கம் திரும்பி நின்றார்.