காவலாளிக்கு மட்டும் காப்புறுதி

எங்கள் கிண்ணியா தனியார் பாடசாலையின் காப்புறுதிப் படிவத்தை நிரப்பியவன் நான்தான். ஓய்வுபெற்ற எழுதுவினைஞனான எனக்குப் படிவம் என்றால் புரியாணி. பதினொரு ஆசிரியைகளையும் ஊழியர் என்று எழுதினால் காப்புறுதிக் கட்டணம் வானத்தை முட்டும் என்று அதிபர் றுவைஸ் அழாத குறை. எல்லாரையும் தொண்டர் ஆசிரியைகள் ஆக்கினேன். சம்பளத்துக்கும் 'அன்பளிப்பு' என்று பெயர் வைத்தேன். ஊழியர் என்று காவலாளி மஜீத் நானா மட்டும். கட்டணம் நுளம்புக்குத் தைத்த சட்டையளவு சுருங்கியது. நான் சிரித்த சிரிப்பு துறைமுகத்துக் கப்பல்களுக்கே கேட்டிருக்கும்.

போன மாதம் கலைவிழாவுக்குத் கதிரையில் ஏறித் தோரணம் கட்டிய பஸ்மியா டீச்சர் கதிரையோடு விழுந்தா. வலது கை மூன்று இடத்தில் முறிந்தது. நட்டஈடு கிடைத்தால்தான் கொழும்பில் இரண்டாவது ஒப்பரேசன். இல்லையென்றால் அந்தக் கையால் இனி எழுத ஏலாது.

காப்புறுதிக்காரர் பிரகலாதன் வந்து பட்டியலைப் பார்த்தார்.

"இவ தொண்டர். தொண்டருக்குத் தர ஏலாது, சேர்."

"வேணுமெண்டா நான் விழுறன் தம்பி," என்றார் மஜீத் நானா.

"நீங்க விழுந்தா டீச்சர்ட கை ஒட்டுமா, நானா?" என்றார் பிரகலாதன்.

பஸ்மியா டீச்சர் இடது கையால் பட்டியலை வாங்கிப் பார்த்தா.

"என்ட பேரை வடிவா எழுதியிருக்கீங்க, சேர்."

நேற்று அவவின் இடத்துக்குப் புது டீச்சர் வந்தா. றுவைஸ் படிவத்தை நீட்டினார்.

"இவவையும் பழையபடியே எழுதுங்க, சேர்."

ஓம், எழுதினேன். முத்து முத்தான கையெழுத்து.