மூன்றாம் பாட்டில் மச்சானைக் காணோம்

மூன்றாம் பாட்டின் பேஸ் கிட்டாரை ஒழித்துக்கட்டியது சாட்சாத் பியானோக்காரரேதான்.

அவரிடம் இருந்தது எட்டுத் தடமுள்ள பழைய டேப் மெஷின். வாத்தியத்துக்கு ஒரு தடம், தடத்துக்கு ஒரு சிவப்புப் பொத்தான். எதை அழுத்துகிறோமோ அந்தத் தடத்தில் இருப்பது அழிந்து புதியது ஏறும். கம்ப்யூட்டரில் பதிந்திருந்தால் அழித்ததை மீட்டுவிடலாம். "அந்தக் காலத்துச் சத்தம் டேப்புலதான் வரும்" என்று பார்த்தவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டவர் ஆயிற்றே. அந்தக் காலம் மாதிரியேதான் டேப்பும், போனது போனதுதான்.

பியானோ கொஞ்சம் ஒல்லியாகக் கேட்கிறதே, இன்னொரு தடத்தில் வாசித்துச் சதை போடலாம் என்று காலையில் அவருக்கு ஒரு யோசனை. காலியாக இருந்த மூன்றாம் தடத்தை அழுத்தப் போனவர் இரண்டாவதை அழுத்திவிட்டார். வாசிக்கும்போது கண்ணை மூடிக்கொள்வது அவர் வழக்கம். ரசிகர்கள் அதை ஞானம் என்று நம்பிக்கொண்டிருந்தார்கள். நாலரை நிமிடம் தலையை ஆட்டி, உருகி வாசித்துவிட்டுப் போட்டுக் கேட்டார். டிரம்ஸ் இருந்தது. பியானோ இருந்தது, அதுவும் இரண்டு. மச்சானைத்தான் காணோம்.

மச்சான் என்றால் தங்கையின் கணவன். அதற்கு முன்னாலேயே நண்பன், பேஸ் வாசிப்பவன். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் சனிக்கிழமை சாயங்காலங்களில் ஒரு ஓட்டல் மாடியில் இவர்கள் வாசித்தார்கள். முதல் ஒன்றரை மணி நேரம் ஜாஸ்; சாப்பிடுகிறவர்கள் மரியாதையாக மென்றுகொண்டிருப்பார்கள். கடைசி அரை மணி நேரம் ஃபங்க். பேஸும் டிரம்ஸும் இடுப்பைப் பிடித்து உலுக்குகிற அந்தச் சங்கீதத்தில் மேஜை மேல் தட்டுகள் தானாக நகரும். கீழே விளக்கு ஆடுகிறது என்று திட்ட வந்த மேனேஜர் வாசற்படியிலேயே நின்று தாளம் போட்டார். அண்ணன் வாசிப்பதைக் கேட்கவென்று வந்த தங்கை, வந்த நாள் முதல் அண்ணன் பக்கம் திரும்பியே பார்க்கவில்லை.

பிறகு ஒரு நாள், "லிஃப்ட் கம்பெனியில வேலை கிடைச்சிருச்சு" என்று மச்சான் நின்றுகொண்டான். கல்யாணமும் ஆயிற்று. அப்புறம் எப்போது கூப்பிட்டாலும் ஏதாவது ஒன்று: பிள்ளைக்குப் பரீட்சை, தோள்பட்டை, முழங்கை, முதுகு. ஒரு மனுஷனுக்கு இத்தனை உறுப்புகளா என்று பியானோக்காரரே மலைத்திருக்கிறார்.

முப்பது வருஷம் ஜாஸ் வாசித்தவர் இப்போது சொந்தமாக எட்டு ஃபங்க் பாட்டு எழுதி ஆல்பம் போடுகிறார் என்றால், அந்த அரை மணி நேரத்துக்கு ஏங்கித்தான். தங்கை பிடித்துத் தள்ளாத குறையாக அனுப்ப, மச்சான் வந்து இரண்டே நாளில் எட்டையும் வாசித்துக் கொடுத்தான். எப்படி இருக்கு என்று கேட்டதற்கு, "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டான். அந்தத் 'தான்' இவரை மூன்று வாரமாக அரித்தது.

இப்போது அவனை மறுபடி கூப்பிட வேண்டும். தங்கைக்குப் போன் போட்டார்.

"அவருக்கு முதுகு வலிண்ணே."

"போன வாரம் தோள்பட்டைன்ன?"

"அது போன வாரம்."

"நான் அழிச்சதுல கோபமா அவனுக்கு?"

"நீ அழிச்சியா? டேப் சிக்கிக்கிச்சுன்னுல்ல காலையில மெசேஜ் அனுப்பின?"

பியானோக்காரர் போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டார்.

"அவரு வேலையிலதான் இருக்காரு. நேர்ல போய்க் கேளு. நடுவுல என்னைப் போட்டு உருட்டாதீங்க ரெண்டு பேரும்" என்று வைத்துவிட்டாள்.

மச்சான் ஓர் எட்டு மாடிக் கட்டிடத்தின் உச்சியில் இருந்தான். லிஃப்ட்டை நிறுத்தித்தானே லிஃப்ட்டைப் பழுது பார்க்க முடியும், பியானோக்காரர் படியேறினார். ஐந்தாவது மாடியில் உட்கார்ந்து, ஆல்பத்தை ஏழு பாட்டோடு முடித்தால் என்ன என்றுகூட யோசித்தார். மேலே, தகரக் கதவுள்ள சின்ன அறையில், மச்சான் கம்பி வடத்தைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். முதுகு நன்றாகத்தான் வளைந்தது.

"டார்ச்சைப் பிடி" என்றான்.

பிடித்தார். "மூணாவது பாட்டு... நான்தான் அழிச்சேன் மச்சான்."

"தெரியும். டேப் சிக்கினா மொத்தமும்ல போகும்? என்னை மட்டும் பார்த்தா சிக்கும்?"

"இன்னொரு தடவை வாசிப்பியா?"

"முதுகு..."

"முதுகை விடு. எட்டு மாடி ஏறி வந்திருக்கேன், நெஞ்சு வலி எனக்குத்தான் வரணும். அந்த எட்டுப் பாட்டும் உனக்காகத்தான் எழுதினேன். நீ வாசிக்கலன்னா அதை வெளியிட எனக்கு மனசு வராது. அன்னிக்கு ஏன் போன? வேலை கிடைச்சுதுன்னு சொல்லாத. சனிக்கிழமை சாயங்காலம் உனக்கு லீவு."

மச்சான் துணியை மடித்து வைத்தான். வடத்தைப் பார்த்தபடியே பேசினான்.

"உன் இடது கையாலதான் போனேன். பேஸுக்குன்னு இருக்கிறது கீழ்ஸ்தாயியில ஒரு சின்ன இடம், எனக்கு அது போதும். நீ பாட்டுக்குப் பாட்டு இடது கையோட அங்க இறங்கி வந்து பாய் போட்டுப் படுத்துக்குவ. ரெண்டு தடவை சொன்னேன். ரெண்டு தடவையும் ஜோக் அடிச்ச, எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன். உன் தங்கச்சியக் கட்டிக்கப் போறவன், உன்கிட்ட எப்படிச் சண்டை போடுறது? போயிட்டேன்."

பியானோக்காரருக்கு நாக்கு நுனி வரை ஒரு ஜோக் வந்தது. நல்ல ஜோக். அதை அப்படியே விழுங்கினார்.

"இந்த எட்டுப் பாட்டுலயும் அப்படித்தான் இருக்கா?"

"ஏழுல இருக்கு. எட்டாவதுல இல்ல, அதான் அதுல நான் நல்லா வாசிச்சிருக்கேன். ஞாயித்துக்கிழமை வரேன். மூணாவதை மட்டும் இல்ல, ஏழையும் திரும்பப் போடுவோம், நீ வலது கையால வாசி."