ஏஞ்சல் வளர்த்த ஸ்வீட்டி

மூன்று நாளாக விடாத மழை. பம்மலில் மூடிக் கிடக்கும் தோல் பதனிடும் ஷெட்டின் மதிலோரச் சந்து முழுக்க முழங்கால் தண்ணீர். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கையில் டிபன் பாக்ஸோடு ஹெப்சி வீட்டு வாசலில் வந்து நின்றாள் செல்லம்மா.

"இந்தா, உனக்குன்னு எடுத்தாந்தேன். தொறந்து பாரு."

உள்ளே சுருண்டு கிடந்தது ஒரு பாம்புச் சட்டை. மூக்கு நுனியிலிருந்து வால் நுனி வரை எங்கும் கிழியவில்லை. ஹெப்சிக்கு வாயெல்லாம் பல்.

"உங்க ஸ்வீட்டியோடதா ஆன்ட்டி?"

"அதோடதுதான். காலீல ஏஞ்சல் பாயாண்ட கெடந்துச்சு. தூர போடாதம்மா, ஹெப்சி கேப்பான்னா."

தெருவில் ஹெப்சிக்குப் பாம்புக்காரி என்று பேர். அந்த வீட்டுக்கு முதல் டிகிரி அவளுடையது. அதுவும் விலங்கியல். 'தேரையையும் ஓணானையும் படிக்கவா உங்கப்பன் தோல் ஷெட்டு சுண்ணாம்புத் தொட்டியில கை வெந்தான்?' என்று கேட்காத வாய் கிடையாது. கேட்டவன் எல்லாம் பாம்பைக் கண்டதும் கட்டையைத் தேடுகிறவன். அவர்களுக்குப் புரியவைக்க முடியுமா, காலே இல்லாமல் சுவரேறும் உடம்பு எவ்வளவு பெரிய வேலைப்பாடு என்று? கண்ணுக்கு மேலிருக்கும் கண்ணாடிச் செதிளைக்கூட விடாமல் முழு உடுப்பையும் ஒரே உரியாக உரிப்பது எத்தனை நேர்த்தி என்று?

பத்து நாளைக்கு முன் ஏஞ்சல் ஒரு போட்டோ அனுப்பியிருந்தாள். செல்லம்மாவின் மகள், பள்ளிக்கூடத்திலிருந்தே சிநேகிதி, இப்போது நாவலூரில் ஒரு ஆபீஸில் ராத்திரி ஷிப்ட் ஹவுஸ்கீப்பிங். பீரோவுக்கு அடியில் ஒரு சின்னப் பாம்பு, கறுப்பு உடம்பில் வெள்ளை வளையங்கள். 'அப்பா கட்டைய எடுத்துட்டாருடி, சீக்கிரம் சொல்லு.' அன்று காலைதான் யாரோ ஒருவன் விஷமில்லாத வெள்ளிக்கோல் வரையனைக் கட்டுவிரியன் என்று அடித்துக் கொன்று, அந்தப் படத்தைப் பெருமையாகப் போட்டிருந்தான். ஹெப்சிக்கு வயிறு எரிந்துகொண்டிருந்தது. ஏஞ்சலின் படத்தைப் பெரிதாக்கிக்கூடப் பார்க்கவில்லை. 'வெள்ளிக்கோல் வரையன். விஷமே கிடையாது. பல்லி தின்னும், விட்டுடுங்க' என்று தட்டிவிட்டாள்.

ஏஞ்சலின் அப்பா ஏசுபாதம் கட்டையைக் கீழே போட்டார். ஏஞ்சல் அதற்குப் பேர் வைத்தாள்.

வெதுவெதுப்பான தண்ணீரில் சட்டையை நனைத்து, பரீட்சை அட்டையின் மேல் வயிற்றுப் பக்கம் தெரிய மல்லாக்கப் பரப்பினாள் ஹெப்சி. எப்போதும் வாலிலிருந்துதான் தொடங்குவாள். வரையனுக்கு வாலடிச் செதிள்கள் ஜோடி ஜோடியாக இருக்கும்.

இதில் ஒற்றையாக இருந்தன. நுனி வரை ஒற்றை.

ஈரம் சொட்டச் சொட்டப் புரட்டிப் போட்டாள். நடு முதுகில் ஒரே வரிசை, பெரிய பெரிய அறுகோணங்கள், தறியில் நெய்தது போல. அவள் அறிந்தவரை நம்மூர் வீடுகளுக்குள் வருகிற பாம்புகளில் ஒன்றுக்குத்தான் அப்படி.

"இன்னாமா, மூஞ்சி மாறிப்போச்சு?"

"ஏஞ்சல் எங்க ஆன்ட்டி?"

"தூங்கிகினு கீது. நேத்து லீவு, ராத்திரி வூட்லதான் படுத்தா. காலீல வயித்து வலின்னா, எச்சி முழுங்க முடிலன்னா. இஞ்சி தட்டிக் குடுத்தேன்."

ஹெப்சி செருப்புக்கூடப் போடாமல் தண்ணீரில் இறங்கினாள்.

வீட்டுக்குள் சத்தமே இல்லை. மழையில் ஒரு பல்லிகூடக் கத்தவில்லை. பத்து நாளில் எல்லாம் தீர்ந்திருந்தன. பாயில் ஏஞ்சல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். கூப்பிட்டதும் சிரித்தாள், அல்லது சிரிக்கப் பார்த்தாள். இமைகள் பாதியில் நின்றன. புருவத்தை மேலே மேலே தூக்கினாள். இமை மட்டும் கூடவே வரவில்லை.

"ழெண்டு ழெண்டா தெழியுறடி," என்றாள் மூக்கால். "ழெண்டு ஹெப்சி."

ஹெப்சி தலையணையைத் தூக்கினாள். அடியில் சுருண்டு, தலையைத் தன் சுருளுக்குள்ளேயே ஒளித்துக் கிடந்தது அது. புதுச்சட்டையின் மினுமினுப்பு. வெளிச்சம் பட்டும் அசையவில்லை.

"பகல்ல பூனைக்குட்டி கணக்கா," என்றாள் பின்னாலிருந்து செல்லம்மா, பெருமையாக. "கையில எடுத்துவெச்சிக்கினாக்கூட ஒண்ணும் பண்ணாது."

கட்டுவிரியன் பகலில் அப்படித்தான் இருக்கும். ஹெப்சி அதைப் படித்திருக்கிறாள், பரீட்சையில் எழுதியும் இருக்கிறாள். அந்த நிமிஷத்திலும் அது அவளுக்கு அழகாகத்தான் தெரிந்தது. பக்கெட்டை அதன் மேல் கவிழ்த்து, அம்மிக்குழவியைத் தூக்கி வைத்தாள்.

ஆட்டோவில், மூச்சு அடைக்காமலிருக்க ஏஞ்சலின் தாடையை மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டே வந்தாள். சானடோரியம் ஸ்டாப்பைத் தாண்டும்போது அந்தத் தலை கையில் கனத்தது.

ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் டூட்டி டாக்டர் கால், கை, கழுத்து என்று எல்லா இடமும் பார்த்தார். "பல்லு தடமே இல்லையே. பாம்புன்னு யார் சொன்னது?"

"கட்டுவிரியன் சார். வீட்லயே இருக்கு. தடம் தெரியாது, வலிகூட..."

"ஐயோ, இல்ல டாக்டர்!" செல்லம்மா குறுக்கே பாய்ந்தாள். "அது வெசமில்லாத பாம்பு. நிச்சயமா தெரியும். இந்தப் பொண்ணே சொல்லிச்சு. பாம்பு படிப்பு படிச்ச பொண்ணு டாக்டர், எங்க தெருவுலயே அதுதான் டிகிரி. பயத்துல இப்ப மாத்திப் பேசுது."

டாக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். ஏஞ்சலின் மூச்சு ஒரு இழுப்புக்கும் அடுத்ததற்கும் நடுவே வெகுநேரம் எடுத்துக்கொண்டது.

தெருவில் அவள் வாய்ச்சொல்லை மதித்த ஒரே வீடு அது. அந்த மதிப்பு இப்போது விஷமுறிவு ஊசிக்கும் ஏஞ்சலுக்கும் நடுவில் மலைபோல் நின்றது.

"தப்பா சொன்னேன் ஆன்ட்டி!" ஹெப்சி கத்தினாள். வராண்டாவே திரும்பியது. "போட்டோவ சரியா பாக்காம சொன்னேன். பாம்ப காப்பாத்தணும்னு சொன்னேன், உங்கள நெனைக்கல. என் படிப்ப நம்பாதீங்க. சார், அவ கண்ணப் பாருங்க, பேச்சக் கேளுங்க. ப்ளீஸ், என்னை நம்பாதீங்க, அவளப் பாருங்க!"

டாக்டர் கட்டைவிரலால் ஏஞ்சலின் இமையைத் தூக்கினார். விட்டதும் அது ஷட்டர் போல இறங்கியது. "சிஸ்டர், விஷமுறிவு ஊசி பத்து வையல். டியூப் ரெடி பண்ணுங்க," என்றார்.

செல்லம்மா ஹெப்சியை அடிக்கவில்லை, திட்டவுமில்லை. முன்பின் பார்க்காத ஆளைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு, மெல்ல இரண்டு அடி தள்ளி நின்றுகொண்டாள்.

சாயந்தரம் ஏஞ்சலின் நெஞ்சை ஒரு மெஷின் ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தது. ஒரு விரல்கூட அசையவில்லை. பார்த்தால் செத்த உடம்பு.

"பொழைச்சிக்குவா. ரெண்டு மூணு நாள் இப்படித்தான் இருக்கும்," என்றாள் நர்ஸ். "ஆனா உள்ள முழிச்சிட்டுதான் இருப்பா. எல்லாம் காதுல விழும். பயப்படாம பேசுங்க."

ஹெப்சி குனிந்தாள். காலையிலிருந்து என்னென்ன காதில் விழுந்திருக்கும்? வராண்டாவில் கத்தியது?

"ஏஞ்சல்," என்றாள்.

மூடிய இமையின் ஓரத்திலிருந்து கண்ணீர் ஒரு கோடாக இறங்கி, காதுக்குள் போயிற்று.