பதின்மூன்று வாரம்

வாசல் மணி அடித்தபோது நோரீன் புருஷனின் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். இடது கண் மூடிவிட்டது. வலது கண் மட்டும் பிடிவாதமாகப் பாதி திறந்தே இருந்தது. கிளைவ் வாழ்ந்த ஐம்பத்தேழு வருஷமும் எந்த வேலையையும் முழுசாக முடித்த ஆள் இல்லை. மூக்கிலிருந்து ஆக்ஸிஜன் குழாயை அவள் கழற்றி ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. டாக்டருக்குச் சொல்லவேண்டும், மகளுக்குச் சொல்லவேண்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே இரண்டாவது மணி அடித்தது. அப்போதுதான் உறைத்தது. இன்று செவ்வாய்க்கிழமை. நகராட்சிக் கவுன்சில் ஆள் அறைகளைப் பார்க்க வரும் நாள்.

போன ஏப்ரலில் ஒரு சட்டம் வந்தது. புருஷன் பெண்டாட்டிக்கு ஒரு படுக்கையறை போதும், இரண்டாவது இருந்தால் அரசு தரும் வாடகை உதவியில் வெட்டு. கப்பல்துறை வேலையில் கிளைவின் நுரையீரல் போனதும், ராத்திரி பூராவும் ஆக்ஸிஜன் மெஷின் உறுமுவதும், பக்கத்தில் படுத்தால் இருவருக்குமே தூக்கமில்லை என்பதும் சட்டத்துக்கு எங்கே தெரியும்? அந்த வெட்டை ஈடுகட்ட கவுன்சில் பதின்மூன்று வாரத்துக்கு ஓர் உதவி தரும். முடிந்ததும் மறுபடி மனு. நோரீனுக்கு இது மூன்றாவது. பின்தெரு ஐவியின் மனு பாஸாகும் முன்பே அவள் புருஷன் செத்துப்போய்விட்டான். உதவியும் போயிற்று, வாடகை பாக்கி ஏறி, இருபது வருஷம் இருந்த வீடும் போயிற்று.

நோரீன் யோசித்துச் செய்தாளா என்றால், இல்லை. கை தானாகப் போனது. குழாயை மறுபடி அவர் மூக்கில் மாட்டியது, மெஷினைப் போட்டது, முகத்தைச் சுவர்ப்பக்கம் லேசாகத் திருப்பிப் போர்வையைத் தாடைவரை இழுத்துவிட்டது. பிறகு அவள் கீழே போய்க் கதவைத் திறந்தாள்.

"மிஸஸ் ஹாலண்ட்தானே? நான் பெல்லிஸ், கவுன்சில்லேர்ந்து வரேன். லேட்டாயிடுச்சு, மன்னிச்சுக்குங்க. உங்க தெருவுல வண்டி நிறுத்தறதுக்குள்ள உசுரு போகுது."

"பரவால்ல, வாங்க. டீ?"

"ஐயோ வேணாம். மூணு வீட்ல குடிச்சாச்சு, வயிறு குளமாட்டம் இருக்கு. ரூமை மட்டும் பாத்துட்டுப் போயிடறேன்."

நல்ல மனிதர். அதுதான் கொடுமை. சிடுமூஞ்சியாக இருந்திருந்தால் பொய் சொல்லக் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும்.

பாதிப் படியிலேயே நின்றுவிட்டார். "ராத்திரி பூரா இந்தச் சத்தமா?"

"பூரா."

"யப்பா," என்று எழுதிக்கொண்டார். அறை வாசலில் எட்டிப் பார்த்தவர் சட்டென்று குரலைத் தாழ்த்தினார். "தூங்கறாரா?"

"இப்பத்தான்."

"எழுப்பிடாதீங்க, பாவம்." அவ்வளவு பெரிய உடம்பை வைத்துக்கொண்டு நுனிக்காலில் நடந்தார். கிளைவ் பார்த்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார். நோரீனுக்கு வந்தது சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. இருமுவதுபோல் விழுங்கிக்கொண்டாள்.

அவளுடைய அறையையும் பார்த்துவிட்டு, வெளியே நின்று ரகசியம் பேசுவதுபோல் கேள்விகளைக் கேட்டார். "ராத்திரி எத்தனை தடவை எழுந்திருக்கறீங்க?"

"நாலு. சில நாள் அஞ்சு."

"கடைசிக் கேள்வி. அடுத்த பதின்மூணு வாரத்துல இந்த நிலைமை மாற வாய்ப்பு இருக்கா?"

அவள் கிளைவின் அறைக் கதவைப் பார்த்தாள். "இல்ல."

"சொன்னதெல்லாம் உண்மைன்னு இங்க ஒரு கையெழுத்து. அவரோடதும் வேணும்தான். தூங்கற மனுஷனை எதுக்குத் தொந்தரவு பண்ணணும்? நானே நேர்ல பாத்தேன்னு எழுதிடறேன். பாஸாயிடும், கவலைப்படாதீங்க. எழுந்தா நான் விசாரிச்சேன்னு சொல்லுங்க."

அவரை அனுப்பிவிட்டு மாடிக்கு ஓடி, போனை எடுத்தாள். ஜன்னல் வழியே பார்த்தால் கார் கிளம்பவே இல்லை. எதிரிலேயே நின்றது. பெல்லிஸ் உள்ளே உட்கார்ந்து, ஸ்டியரிங் மேல் அவள் மனு ஃபைலை விரித்து, ஒரு கையால் எழுதிக்கொண்டே மறுகையால் சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தார். இப்போது கூப்பிட்டால் ஆம்புலன்ஸ் அவர் கண்ணெதிரே வந்து நிற்கும். போனைக் கீழே வைத்தாள்.

பத்து நிமிஷம் ஆயிற்று, இருபது ஆயிற்று. சாண்ட்விச் முடிந்து வாழைப்பழத்தை உரித்தார்.

"போய்த் தொலையேன்யா," என்றாள் நோரீன் ஜன்னலிடம்.

மகளைக் கூப்பிடலாம். ஷெரில் முதலில் எப்போ என்றுதான் கேட்பாள். எப்போ என்று இனி பெற்ற மகளிடம்கூட வாய் திறக்க முடியாது. கட்டினவனுக்காக ஒரு பாட்டம் அழக்கூட கவுன்சில்காரர் பழம் தின்று முடிக்கவேண்டியிருந்தது.

மெஷின் அவர் மூக்கில் காற்றை ஊதிக்கொண்டே இருந்தது. அந்தக் குழாய் கிளைவுக்குப் பிடிக்கவே பிடிக்காது. "என்னை மீனாட்டம் தூண்டில்ல மாட்டி வச்சிருக்கியேடி," என்று தினமும் சண்டை. நோரீனுக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது. உயிரோடிருந்தபோது வேறு வழியில்லை. இப்போது எதற்கு? குழாயைக் கழற்றினாள். மெஷினை நிறுத்தினாள். அந்த வீட்டில் அப்படியோர் அமைதியைக் கேட்டு மூன்று வருஷமாகியிருந்தது.

வீட்டுச் செருப்போடு மழையில் இறங்கிப்போய்க் கார்க் கண்ணாடியைத் தட்டினாள்.

"என்னங்க, பேனாவை விட்டுட்டேனா?" என்றார் பெல்லிஸ்.

"அந்தக் கடைசிக் கேள்விக்குத் தப்பாச் சொல்லிட்டேன். நிலைமை மாறுமான்னு கேட்டீங்களே. மாறிடுச்சு."

அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. மாடி ஜன்னலை அண்ணாந்து பார்த்தார். ஃபைலைப் பார்த்தார்.

"இப்பத்தானே?" என்று மெதுவாகக் கேட்டார். "நான் கீழ இறங்கினதுக்கு அப்புறம்தானே, மிஸஸ் ஹாலண்ட்?"

ஆமாம் என்று தலையாட்டினால் போதும். அவர் அதைத்தான் கேட்கிறார் என்பதும் அவளுக்குப் புரிந்தது. அந்த ஒரு தலையாட்டலில் பதின்மூன்று வாரம் இருந்தது. அதற்குள் ஒரு வழி பிறந்தாலும் பிறக்கும்.

"நீங்க மணி அடிக்கறதுக்கு முன்னாடி," என்றாள் நோரீன்.

பெல்லிஸ் எட்டிப் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டார். "நனையறீங்க. உள்ள வந்து உட்காருங்க. டாக்டருக்கு நான் பேசறேன்."

உட்கார்ந்தாள். ஃபைலை வைக்க வேறு இடம் இல்லாமல் அதை அவள் மடியில் வைத்துவிட்டு எண்களைத் தட்டினார். மறுமுனையில் விலாசம் கேட்டார்கள் போலிருக்கிறது. இருபத்தேழாம் நம்பர் என்று நிதானமாகச் சொல்லத் தொடங்கினார். ஃபைல் நழுவிவிடாமல் நோரீன் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.