ஏழு மிஷினும் ஒரு கையெழுத்தும்

எனக்குக் கோபம் வந்தால் காது சிவந்துவிடும் என்று தங்கை சொல்வாள். அந்தப் புதன்கிழமை பரிதி சாரின் ஆபீசில் என் காது கொதித்தது எனக்கே தெரிந்தது.

தஞ்சாவூரில் எனக்குக் கிடைத்த முதல் வேலை அது. அறுவடை மிஷினை வாடகைக்குப் பதிவு செய்கிற வலைத்தளம் ஒன்றை பரிதி சார் தானே உட்கார்ந்து செய்திருந்தார். கண் தெரியாதவர்களால் அதைப் பயன்படுத்த முடியுமா என்று பார்த்துச் சொல்வது என் பொறுப்பு. எனக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. திரையில் இருப்பதை ஸ்கிரீன் ரீடர் வாய்விட்டு வாசிக்கும். நான் கேட்டுக்கேட்டு விசைப்பலகையால் நகர்வேன். அவருடைய தளத்தில் அது வாசித்தது ஒரே ஒரு சொல்தான். "பட்டன்." அடுத்தது? "பட்டன்." அதற்கும் அடுத்தது? கேட்கவே வேண்டாம். எதற்கான பட்டன் என்று ஒன்றுக்காவது பேர் வைக்க வேண்டாமா? மனுஷன் வெறும் படமாகப் போட்டு வைத்திருந்தார்.

நாற்பத்தொரு குறைகளை எழுதிக் கொடுத்தேன். பார்த்தாரோ இல்லையோ, ஒரு தாளை என் முன்னால் நகர்த்தினார்.

"வெள்ளிக்கிழமை திறப்பு விழா. எல்லாம் சரியா இருக்குன்னு ஒரு கையெழுத்துப் போட்டுடுங்க செவ்வந்தி. மத்தத அப்புறம் பாத்துக்கலாம்."

"சரியா இல்லியே சார்."

"கண்ணு தெரியாதவங்க யாருங்க அறுவடை மிஷின் புக் பண்ணப் போறாங்க?"

அங்கேதான் காது கொதித்தது. திருத்துறைப்பூண்டி பக்கம் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் இருக்கிறது, சம்பா முற்றிச் சாய்கிற நேரம். அப்பா போன பிறகு உழவு, நடவு, உரம் எல்லாவற்றுக்கும் ஆள் சொல்லி வேலை வாங்குவது நான்தான். மிஷினுக்கு மட்டும் வருஷா வருஷம் யாரையாவது கெஞ்ச வேண்டியிருக்கிறது. இனி அந்தக் கெஞ்சல் இருக்காது என்று நம்பித்தான் இந்த வேலைக்கே வந்தேன். பொய்க் கையெழுத்துப் போட்டால் என் தலையில் நானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்ட மாதிரி. போடாவிட்டால் வேலை போய்விடும்.

"ஒண்ணு பண்ணுவோம் சார். திரைய அணைச்சுடுறேன். காதால மட்டும் கேட்டு ஒரே ஒரு மிஷின் புக் பண்ணிக் காட்டுங்க. அடுத்த நிமிஷம் கையெழுத்து."

"நான் செஞ்ச சைட்டுங்க இது!" என்று சிரித்துக்கொண்டே நாற்காலியை இழுத்துப் போட்டார்.

மூன்றாவது நிமிஷத்தில் சிரிப்பு நின்றது. "பட்டன், பட்டன்" என்று ஸ்கிரீன் ரீடர் பாடிக்கொண்டே இருந்தது.

"இது எந்தப் பட்டனுங்க?"

"அதத்தான் சார் நாப்பத்தோரு எடத்துல நானும் கேட்டிருக்கேன்."

எதையோ குருட்டாம்போக்கில் பிடித்து எண்டரைத் தட்டினார். ஒரு சத்தமும் வரவில்லை. பதிவானதும் திரையில் ஒரு பச்சை டிக் வரும், அவ்வளவுதான்; அதை வாசிக்கச் சொல்லி அவர் எழுதவில்லை. பதிவாகவில்லை என்று நினைத்து மறுபடி தட்டினார். மறுபடியும், மறுபடியும். ஏழு தட்டு எண்ணினேன். சிரிப்பை அடக்கத் துப்பட்டாவை வாயில் அடைத்துக்கொண்டேன்.

"என்னமோ தூங்குதுங்க இது," என்று எழுந்துவிட்டார். தோற்றதை மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. டீ வந்தது, வாதாடினோம், ஒரு மணி நேரம் போனது. அப்போது அவருடைய போன் அடித்தது. குத்தாலத்திலிருந்து மாமனார் சிங்காரவேலு. ஸ்பீக்கரே தேவைப்படவில்லை, அப்படி ஒரு குரல்.

"மாப்ள! வயக்கரையில ஏழு மிஷின் வந்து நிக்குது. கேட்டா உங்க பேரச் சொல்றானுவ. எனக்கு இருக்கறதே ரெண்டு ஏக்கரு. அதுவும் பிந்தி நட்ட தாளடி, கதிரு இப்பதான் பால் புடிச்சிருக்கு, முத்த இன்னும் நாளாவும். எத அறுக்கச் சொல்றீங்க, என்னையவா?"

 பரிதி சாரிடமிருந்து கதை கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. புதன்கிழமை நல்ல நேரம் ஒன்பதேகாலுக்கு என்று வீட்டில் சொல்லிவிட்டார்களாம். விழா வெள்ளிக்கிழமை என்றாலும், அந்த நேரத்துக்கே லேப்டாப்புக்குக் குங்குமம் வைத்து, டிரைவர்களின் போனோடு சேர்த்து நிஜத் தளத்தையே ஓடவிட்டிருக்கிறார். அப்புறம் அதைச் சுத்தமாக மறந்துவிட்டார். ஏழு தட்டும் ஏழு நிஜப் பதிவாக டிரைவர்களுக்குப் போயிருக்கிறது. சோதனைக்கு அவர் போட்டிருந்த நிலம் மாமனாருடையது. கல்யாணமான நாளிலிருந்து மாமனாரின் ஆன்லைன் வேலை எல்லாம் மாப்பிள்ளை தலையில்தான். மனப்பாடமாகத் தெரிந்த பட்டா நம்பர் அது ஒன்றுதான்.

"கேன்சல் பண்ணணும்!" என்று கம்ப்யூட்டரில் பாய்ந்தார். திரை இன்னும் அணைந்தே இருந்தது.

"பட்டன்," என்றது கம்ப்யூட்டர்.

நான் வெடித்துவிட்டேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு மேஜையில் கவிழ்ந்து சிரித்தேன். ஒரு கணம் கழித்து அவரும் சிரிக்க ஆரம்பித்தார். இருவராலும் நிறுத்த முடியவில்லை.

போனில் மாமனார் இன்னும் இருந்தார். குரல் இப்போது தணிந்திருந்தது.

"மாப்ள, கேன்சல் கீன்சல்னு ஒண்ணும் பண்ணிடாதீங்க. ஒரு வாரமா மிஷின் கெடைக்காம கெடந்த ஊரே தெரண்டு வந்துட்டுது. ஆளுக்கொரு மிஷின ஓட்டிக்கிட்டுப் போறாங்க. நான்தான் வரவழைச்சேன்னு சொல்லிட்டேன். நீங்க மாத்திப் பேசிடாதீங்க."

போனை வைத்துவிட்டு, பரிதி சார் என் பக்கத்தில் நாற்காலியைப் போட்டார். "மொத கொறையச் சொல்லுங்க," என்றார். குரலில் கிண்டல் இல்லை.

விழா திங்கட்கிழமைக்குத் தள்ளிப்போனது. அன்று காலை நான் தளத்தைத் திறந்தேன். "மிஷின் தேர்ந்தெடுக்க, பட்டன்." "தேதி தேர்ந்தெடுக்க, பட்டன்." "உறுதி செய்ய, பட்டன்." தட்டினேன். "உங்கள் பதிவு முடிந்தது," என்றது. எங்கள் ஒன்றரை ஏக்கருக்கு நானே போட்ட பதிவு.  தாளை வாங்கிக் கையெழுத்துப் போட்டேன்.

பத்து நிமிஷத்தில் டிரைவர் கூப்பிட்டார். "அக்கா, புக் பண்ணது நீங்கதானே? நாளைக்கு வயலுக்கு எப்புடி வரணும்?"

"மெயின் ரோட்டுலேந்து வரும்போது ரைஸ் மில்லு சத்தம் கேக்கும். அது பின்னால போனதும் எடது கைப்பக்கம் திரும்புங்க. மண் ரோடு, வண்டி தடதடன்னு ஆடும். ஆட்டம் எங்க நிக்குதோ, அதான் எங்க வயலு."

அந்தப் பக்கம் வண்டியில் பாட்டு அலறிக்கொண்டிருந்தது.

"சரிக்கா," என்றார் டிரைவர். "பாட்ட நிறுத்திட்டு வாரேன்."