தும்மும் வாள்

ஞாயிற்றுக்கிழமை பல் டாக்டரின் கிளினிக்குக்கு விடுமுறை. நோயாளிகள் காத்திருக்கும் அறையில் மேஜையை நடுவில் இழுத்துப் போட்டு நாங்கள் ஆடுவோம். பகடை உருட்டி, வாயாலேயே சாகசம் செய்கிற ஆட்டம். கதையை நடத்துபவன் நான். வீரர்கள் மூன்று பேர்: டாக்டர், என் தங்கை, என் மச்சான்.

மூன்றும் கல்நெஞ்சு. வாரம் முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டு ஒரு மாயப் பொருளை யோசித்துக் கொடுத்தால், "சரி, மூட்டையில போடு" என்பார்கள். பறக்கும் செருப்பு மூட்டைக்குள். செத்தவர்களோடு பேசும் கண்ணாடியும் மூட்டைக்குள். மாயக் கம்பளத்தை விரித்து மச்சான் கழுதையைப் படுக்க வைத்தான். எனக்கு வயிறு எரிந்தது. இந்த வாரமும் மூட்டை என்றால் ஆட்டத்தையே ஏறக்கட்டிவிடுவதென்று முடிவு செய்தேன்.

இந்த முறை ஒரு வாள் கொடுத்தேன். ஒரே வெட்டில் எதையும் கொல்லும். ஆனால் குளிர் ஒத்துக்கொள்ளாது. உறையிலிருந்து உருவினால் தும்மும். மச்சான் உருவினான். நான் மூக்கைச் சுருக்கிச் சின்னதாக ஒரு தும்மல் போட்டேன்.

"ஐயையோ, உள்ள வை, உள்ள வை!" என்று தங்கை பதறினாள்.

டாக்டர் தன் வீரனின் கம்பளியை அதற்குச் சுற்றினார். மச்சான் சத்திரத்தில் அடுப்புக்குப் பக்கத்து அறையாகக் கேட்டு வாங்கினான். மூட்டை என்ற பேச்சே இல்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

பனிமலை உச்சியில் டிராகன் வந்தது. அதைக் கொல்லத்தான் வாளையே கொடுத்திருந்தேன்.

"வெறுங்கையால குத்துறேன்" என்று டாக்டர் பகடையை உருட்டினார். டிராகன் அவரை ஒரே வாயில் விழுங்கியது.

"வாள் இருக்குல்ல? உருவுங்க!" என்று கத்தினேன். கதை நடத்துபவன் இப்படி எடுத்துக் கொடுக்கக் கூடாது, தெரியும்.

"இந்தப் பனியிலயா? உனக்கு மனசாட்சியே இல்லையா அண்ணா?"

தங்கை தன் அங்கியையும் கழற்றி வாளுக்குப் போர்த்திவிட்டு, டிராகனின் வாலைக் கடித்தாள். எந்தப் பல்லால் கடித்தால் நல்லது என்று செத்துப்போன டாக்டர் ஆலோசனை சொன்னார். அவளும் போய்ச் சேர்ந்தாள். மச்சான் வாளின் மேல் குப்புறப் படுத்து, நெருப்பு முழுவதையும் முதுகில் வாங்கிக்கொண்டான்.

கதை முடிந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை.

"மாப்ளே, வாள் என்னாச்சு?" என்றான் மச்சான்.

"பனியில கிடக்கு."

"தனியாவா?" தங்கைக்குக் குரல் உடைந்தது.



"இல்ல இல்ல" என்றேன் அவசரமாக. "டிராகன் அதைத் தூக்கிட்டுப் போய் இறக்கைக்குள்ள வச்சுக்கிச்சு. உள்ள நல்ல கதகதப்பு."

"அப்பாடா" என்று செத்துப்போன மூவரும் மூச்சு விட்டார்கள்.