படத்தில் இல்லாத மின்விசிறி

என் அப்பா தன் ஆயுளில் ஒரே ஒரு முறைதான் கத்தியிருக்கிறார். அதுவும் ஒரு மின்விசிறியைப் பார்த்து. அந்தக் கத்தல் முதல் பக்கத்தில் இந்த அகலத்துக்குப் படமாக வரும் என்று யார் கண்டது? அச்சடித்தது நான் வேலை பார்க்கும் பத்திரிகை. செய்திக்கு மேலே என் பெயர் வேறு.

அன்றைக்கு எங்கள் திருச்சபையின் பேராய மன்றக் கூட்டம். உலகம் முழுக்க ஆங்கிலிக்கன் சபைகளில் நடக்கும் சண்டை எங்கள் பேராயத்துக்கும் வந்து சேர்ந்திருந்தது. தன்பாலினத் தம்பதிகளுக்கு ஆசி வழங்கும் வெளிநாட்டுச் சபைகளோடு உறவை முறித்துக்கொள்ள வேண்டும் என்று யாரோ தீர்மானம் கொண்டுவந்திருந்தார்கள். வாசலில் நான்கு டிவி வண்டிகள். உள்ளே கல்லறைத் தோட்டத்துச் சுவர் இடிந்ததைப் பற்றி ஒரு மணி நேரம், மண்டபத்துக் கழிவறையைப் பற்றி இரண்டு மணி நேரம். கழிவறை விவகாரத்தில்தான் பேராயரே எழுந்து கையமர்த்த வேண்டியிருந்தது. தீர்மானத்தைப் பற்றிப் பேசியவர்கள் எல்லாரும் தொண்டையைச் செருமிக்கொண்டு, தரையைப் பார்த்துப் பேசிவிட்டு உட்கார்ந்தார்கள். பிறகு ரகசிய வாக்கெடுப்பு.

வாக்கு எண்ணும் பொறுப்பு அப்பாவுக்கு. முப்பது வருஷம் சபைச் செயலராக இருந்து, வீட்டிலும் கூட்டக் குறிப்பு மாதிரியே பேசிப் பழகியவர். அவர் சீட்டுகளைப் பிரித்து மேசையில் அடுக்கி முடித்த நேரத்தில், எந்தப் புண்ணியவானோ தலைக்கு மேலிருந்த ஃபேனை முழு வேகத்தில் சுழலவிட்டார். சீட்டுகள் மண்டபமெங்கும் பறந்தன. அப்பா துள்ளி எழுந்து, விரலை மேலே நீட்டி, ஃபேனை நிறுத்தச் சொல்லிக் கத்தினார். எங்கள் புகைப்படக்காரருக்கு ஒரே கொள்கை: எவன் வாய் திறந்தாலும் அமுக்கு. அமுக்கினார்.

சீட்டுகளைப் பொறுக்கி எண்ணியதில் தீர்மானம் தோற்றது. யாரும் யாரோடும் உறவை முறிக்கவில்லை. அப்படியே எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். எங்கள் செய்தி ஆசிரியரை அலுவலகத்தில் 'கேள்விக்குறி' என்போம். ஏன் என்று மறுநாள் காலை பத்திரிகையைப் பார்த்திருந்தால் உங்களுக்கே புரிந்திருக்கும். "உடைகிறதா திருச்சபை?" அதன் கீழே அப்பா. இடத்துக்குப் பொருந்துவதற்காகப் படத்தின் மேல்பகுதியை வெட்டியிருந்தார்கள். மின்விசிறி போய்விட்டது, விரல் மட்டும் நின்றது. "தன்பாலினத் தம்பதிகளுக்கு ஆசி வழங்குவதை எதிர்த்து, வானத்தைச் சாட்சிக்கு அழைத்து ஆவேசப்படும் உறுப்பினர்."

அதைப் படித்ததும் ஃபோனைத் தேடி எடுத்தேன். காரணம் என் தம்பி. ஐந்து வருஷத்துக்கு முன்னால், தனக்குப் பெண் பார்க்க வேண்டாம், தனக்கு ஒருவர் இருக்கிறார், அவர் ஒரு பல் டாக்டர், அவர் ஆண் என்று அப்பாவிடம் சொன்னான். "சரி, கவனத்துல எடுத்துக்கிட்டேன்" என்று சொல்லிவிட்டு அப்பா உள்ளே போய்விட்டார். அதற்குமேல் ஒரு வார்த்தை கிடையாது. மறு மாதமே தம்பி வேறு ஊருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனான். அம்மா ஐந்து வருஷம் ஃபோனில் அழுது, கெஞ்சி, சண்டை போட்டு, இந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் சாப்பிட வர ஒத்துக்கொள்ள வைத்திருந்தாள். திரைச்சீலையை இரண்டு தடவை துவைத்தாயிற்று. இப்போது தம்பியிடமிருந்து என் ஃபோனுக்கு ஒரு செய்தி: "நாங்க வரல. அப்பா படத்தப் பாத்தேன். உன் பேரையும் பாத்தேன்."

பதினோரு தடவை கூப்பிட்டேன். எடுக்கவில்லை. நேரே அலுவலகம் போய்க் கேள்விக்குறியைப் பிடித்துக்கொண்டேன். எதுவும் உடையவில்லையே என்றேன். உடைந்தது என்று யார் சொன்னது, நாம் கேட்கத்தானே செய்தோம் என்றார் மனிதர். படத்தில் இருப்பது என் அப்பா என்றேன். முகம் நன்றாக விழுந்திருக்கிறது என்று பாராட்டினார். திருத்தம் வேண்டுமானால் சம்பந்தப்பட்டவர் கைப்பட எழுதித் தர வேண்டுமாம். அந்த ஆளின் மேசையில் இருந்த பேப்பர்வெயிட்டை நான் எடுக்காமல் வந்தது அவர் செய்த புண்ணியம்.

வீட்டில் அப்பா அந்தப் படத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். காலர் மடங்கியிருக்கிறது என்றார். அம்மா தம்பி வராத விஷயத்தைச் சொல்லி, முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். திருத்தத்துக்குக் கைப்பட எழுதித் தர வேண்டுமாம் என்றேன். அப்பா காகிதம் எடுத்து எழுத ஆரம்பித்தார். "மேற்படி படத்தில் எனது விரல் வானத்தை நோக்கவில்லை என்றும், மின்விசிறியையே நோக்கியது என்றும் இதன்மூலம் தெரிவித்துக்கொள்கிறேன்."

எனக்கு வந்ததே கோபம். ஃபேன் கதை அவனுக்குப் போதாதுப்பா, நீங்கள் எந்தப் பக்கம் என்றுதான் அவன் ஐந்து வருஷமாகக் காத்துக்கொண்டிருக்கிறான் என்றேன். ரகசிய வாக்கெடுப்பு, எண்ணினவனே வெளியே சொல்வது முறையில்லை என்றார் அப்பா. அப்படியானால் முறையையே கட்டிக்கொண்டு உட்காருங்கள் என்று நானும் அழுதுவிட்டேன்.

அப்பா பேனாவை மூடினார். சட்டைப் பையிலிருந்து தன் பழைய ஃபோனை எடுத்து, நம்பர் சொல்லச் சொன்னார். ஐந்து வருஷத்தில் அவர் என் தம்பியைக் கூப்பிட்டதே இல்லை. அதனால்தானோ என்னவோ முதல் மணியிலேயே எடுத்துவிட்டான். அம்மாவுக்கு என்ன ஆச்சு என்று அவன் பதறுவது எங்களுக்கே கேட்டது.

"அம்மா நல்லாருக்கா. ரெண்டு விஷயம்" என்றார் அப்பா. குரல் கூட்டத்தில் பேசுவது போலத்தான் இருந்தது. "ஒண்ணு, வெரல் ஃபேனுக்குக் காட்டினது. ரெண்டு, ஓட்டு உனக்குப் போட்டது."

அப்பா ஃபோனைக் காதிலிருந்து எடுத்து, இணைப்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மறுபடி வைத்துக்கொண்டார். பிறகு தம்பி மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஏதோ சொன்னான். பல் டாக்டர் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, உங்கப்பாவுக்கு மேல் வரிசையில் ஒரு பல் இல்லையே, கட்டிவிடலாமே என்றாராம்.

"கவனத்துல எடுத்துக்கிட்டேன்" என்றார் அப்பா. உடனே அவருக்கே அது உறைத்திருக்க வேண்டும். "கட்டிக்கலாம்னு சொல்லு. ஞாயித்துக்கெழம ரெண்டு பேரும் எத்தன மணிக்கு வர்றீங்க?"

திருத்தம் ஒன்பதாம் பக்கத்தில், வானிலைக்குக் கீழே இரண்டு வரியில் வந்தது. முழுப் படத்தையும் புகைப்படக்காரர் பெரிதாக்கிக் கொடுத்தார். அதில் முக்கால்வாசி மின்விசிறிதான்.

ஞாயிறு மதியம் சரியான புழுக்கம். சாப்பாட்டு மேசையில் பல் டாக்டர் வாயே திறக்காமல், தட்டைப் பார்த்தபடி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். திடீரென்று அப்பா விரலை மேலே தூக்கினார். அவர் வாய் திறப்பதற்குள் பல் டாக்டர் எழுந்து ஓடிப்போய் ஃபேனை நிறுத்திவிட்டு, பெருமையாக வந்து உட்கார்ந்தார். தம்பி சிரித்தான். அம்மாவும் சிரித்தாள்.

ஃபேன் வேகத்தைக் கூட்டத்தான் சொல்ல வந்தேன் என்று பாத்திரம் கழுவும்போது அப்பா என்னிடம் மட்டும் சொன்னார். மேசையில் சொல்லவில்லை. "ரொம்ப நன்றி தம்பி" என்று பல் டாக்டரிடம் சொல்லிவிட்டு, சட்டை தொப்பலாக நனைய நனைய, இன்னொரு முறையும் சோறு போட்டுக்கொண்டார்.